அளவுகோல் யார் கையில்?

சக்திச் சிக்கனம் என்ற சொல் இன்று அரச அலுவலகங்களிலும் வணிகர் மன்றங்களிலும் ஒரு புதிய வேதம்போல் ஓதப்படுகின்றது. குறைந்த எரிபொருளில் கூடிய உற்பத்தி வேண்டும். உற்பத்திக்குச் செலவான சக்திக்குக் கணக்கு வேண்டும். கணக்கைச் சரிபார்க்கத் தகுதிபெற்ற ஒருவர் வேண்டும். கணக்குக் காட்ட இயலாதவனுக்கு நாளைய சந்தையில் இடமில்லை. இவ்வாறு சொல்வோர் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வரலாற்றைப் பயில்வோர் இதனைக் கேட்டவுடன் தலையசைத்துவிட முடியாது. சிக்கனத்தின் பயன் யாரைச் சேருகிறது, அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது, புதிய விதிக்கு ஆயத்தமாவதற்கான செலவை யார் சுமக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டே தீரவேண்டும். இக்கேள்விகளைக் காத்தான்குடியில் நின்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரத்தில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே காத்தான்குடி அமைந்துள்ளது. நிலமோ சிறிது, மக்களோ பெருந்தொகையினர். விரிந்த வயல் நிலங்கள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்க, எழுவான்கரையின் இவ்வூரார் வணிகத்தையும் கைத்தொழிலையும் நம்பியே வாழ வேண்டியவராயினர். காத்தான்குடி தொடக்கம் தெற்கே மருதமுனை வரையுள்ள இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் பழைய தொழில்களுள் நெசவும் ஒன்று. சாறனும் சேலையும் இவ்வூர்த் தறிகளில் உருவாகி, வணிகரின் தலைச்சுமையாகவும் மாட்டுவண்டிச் சுமையாகவும் ஊர் ஊராகச் சென்றன.

கைத்தறி என்பது என்ன? கால் மிதிபலகையை அழுத்துகிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. கை நாடாவை எறிகிறது. ஊடை நூல் குறுக்கே பாய்கிறது. அச்சுப் பலகை அதனை இறுக்குகிறது. இத்தனைக்கும் எரிபொருள் நெசவாளி உண்ட சோறு மட்டுமே. எரித்த நிலக்கரி இல்லை, உறிஞ்சிய மின்சாரம் இல்லை. சக்திக் கணக்கை மட்டும் பார்த்தால், உலகின் மிகச் சிக்கனமான நெசவு இயந்திரத்திற்குரிய பரிசை இக்கரையின் தறிக்கே வழங்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தச் சிக்கனத்தின் மறுபக்கத்தில் வளைந்த முதுகும், மங்கிய பார்வையும், நாள் முழுதும் உழைத்தும் நிறையாத வயிறும் இருந்தன. சக்தியைச் சேமிப்பது தன்னளவிலேயே ஓர் அறமாகிவிடாது என்பதை இத்தறியே நமக்குச் சொல்லிவிடுகிறது. யாருடைய உடலிலிருந்து அது சேமிக்கப்படுகிறது என்பதைப் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நிலக்கரிக் கணக்கு

சக்தியை அளந்து விலைபேசும் வழக்கம் இங்கிலாந்தின் சுரங்கங்களிலே முளைத்தது. 1712இல் நியூக்கோமன் அமைத்த நீராவி எந்திரம் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்தது. ஆனால் நிலக்கரியை அளவின்றித் தின்றது. 1769இல் ஜேம்ஸ் வாட் தனியான ஒடுக்கி ஒன்றை இணைத்து ஆக்கவுரிமை பெற்றார். நீராவியைக் குளிர்விப்பதற்காக உருளை முழுவதையும் ஒவ்வொரு முறையும் குளிரவைத்து, மறுபடி சூடாக்கும் வீண்செலவு அதனால் ஒழிந்தது. வாட்டும் அவருடைய பங்காளி போல்ட்டனும் எந்திரத்திற்கு விலை பெற்றதோடு நின்றுவிடவில்லை. பழைய எந்திரத்தோடு ஒப்பிடுகையில் மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைத் தமக்கு உரிமைப் பணமாகத் தரவேண்டும் என்று ஒப்பந்தம் செய்தனர். சேமிப்பே ஒரு பண்டமாகிவிட்டது. கோர்ண்வால் பகுதியில் நிலக்கரி கிடையாது. வேல்சிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆகவே அங்கிருந்த சுரங்க உடைமையாளர் இந்தப் பங்கை முணுமுணுப்போடு செலுத்தினர். சிலர் செலுத்த மறுத்து வழக்காடினர்.

1800இல் ஆக்கவுரிமை காலாவதியாயிற்று. அதன்பின் நிகழ்ந்ததே நமது கவனத்திற்குரியது. 1811 முதல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேற்பார்வையாளர், கோர்ண்வாலில் ஒவ்வொரு எந்திரமும் ஒரு புசல் நிலக்கரியைக் கொண்டு எவ்வளவு நீரை எவ்வளவு உயரத்திற்கு இறைத்தது என்பதை மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடலானார். எந்த எந்திரம் நன்றாக இயங்குகிறது, அதனை அமைத்தவர் யார், அதில் செய்த மாற்றம் என்ன என்பவை எல்லோருக்கும் தெரியவந்தன. ஒருவர் கண்ட நுட்பத்தை அடுத்தவர் கையாண்டார். அடுத்துவந்த மூன்று தசாப்தங்களில் அங்குள்ள எந்திரங்களின் சராசரித் திறன் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. ஆக்கவுரிமையாளர் சேமிப்பில் பங்கு வாங்கிய காலத்தைவிட, அளவு பொதுச் சொத்தாகி அனைவர் கண்ணிலும் பட்ட காலத்திலேயே முன்னேற்றம் விரைந்தது என்பது வரலாறு தரும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. 1865இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரிப் பிரச்சினை பற்றி எழுதியபோது, எந்திரம் சிக்கனமாக ஆக நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு குறையாது, பெருகவே செய்யும் என்று எடுத்துக்காட்டினார். ஒரு பண்டத்தை ஆக்கும் செலவு குறைந்தால் அப்பண்டம் மேலும் பெருமளவில் ஆக்கப்படும். இலாபத்தை நோக்கி இயங்கும் உற்பத்தி முறையில் மிச்சமானது ஓய்வாகவோ கூடிய கூலியாகவோ தொழிலாளியிடம் திரும்புவதில்லை. மேலும் ஓர் எந்திரமாகத் திரும்புகிறது. சிக்கனத்தைப் போதிப்போர் பெரும்பாலும் இதனைச் சொல்லாமல் விடுகின்றனர்.

பரிசோதகரின் வருகை

அளவு பொதுவானால் மட்டும் போதுமா? முதலாளி தானாகவே திருந்துவான் என்று காத்திருந்தவர் எவரும் வரலாற்றில் பயன் கண்டதில்லை. 1833ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்தது. அதற்கு முன்பும் சட்டங்கள் இருந்தன. அவை ஏட்டிலேயே உறங்கின. 1833இன் சட்டம் வேறுபட்டமைக்குக் காரணம், ஊதியம் பெறும் நான்கு பரிசோதகர்களை அது நியமித்ததே. அவர்களுள் ஒருவரான லெனார்ட் ஹோர்ணர் கால் நூற்றாண்டுக் காலம் ஆலை முதலாளிமாரோடு போராடினார். அப்பரிசோதகர்கள் எழுதிய அறிக்கைகளே பின்னர் மார்க்சின் கையில் மூலதனத்தின் முதற் பாகத்திற்கு ஆதாரங்களாயின. அரசாங்கம் அச்சிட்ட அறிக்கை அந்த அரசாங்கம் காத்துநின்ற வர்க்கத்தின்மீதே குற்றப்பத்திரிகையாக மாறிய வரலாறு அது.

1863இல் வந்த காரச் சட்டம் இன்னொரு எடுத்துக்காட்டு. சோடா உற்பத்தி செய்த ஆலைகள் ஐதரோகுளோரிக் அமில வாயுவைப் புகைபோக்கி வழியே வெளியேற்றின. சுற்றியிருந்த பயிரும் மரமும் கருகின. அவ்வாயுவில் நூற்றுக்கு 95 பங்கை ஆலையினுள்ளேயே கரைத்துப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. தொழில் அழிந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் இருந்தது. அழியவில்லை. பிடித்துவைத்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து, துணிக்கும் கடதாசிக்கும் வேண்டிய வெளிறச் செய்யும் தூளை ஆக்கி விற்கக் கற்றனர். கழிவு சரக்காயிற்று. விதி வந்தால் தொழில் சாகும் என்ற கூக்குரலை நாம் அப்படியே நம்பவேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் மார்க்ஸ் இன்னொன்றையும் கண்டார். தொழிற்சாலைச் சட்டங்கள் எல்லாத் தொழில்களுக்கும் விரிவாகும்போது சிதறிக்கிடக்கும் சிறு பட்டறைகள் அழிந்து, உற்பத்தி பெருமூலதனத்தின் கையில் விரைந்து குவியும் என்றார். புகைபோக்கியைத் திருத்தவும், எந்திரத்திற்கு வேலியிடவும், கணக்கெழுத ஓர் ஆளை வைக்கவும் பெரியவனால் முடியும். ஐந்து தறிக்காரனால் முடியாது. சட்டம் இருவரையும் சமமாக நடத்துகிறது. அந்தச் சமத்துவமே சிறியவனை வீழ்த்துகிறது. சட்டம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. சட்டத்தோடு கூடவே சிறியவனுக்கு வழியும் செய்யப்படவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய முடிவு.

லங்காசயரின் கருணை

குடியேற்ற நாடுகளுக்கு விதி வந்த வழி இன்னும் சிக்கலானது. 1881இல் இந்தியாவின் முதலாவது தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வேலை செய்யலாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ளோர் நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலத்திற்கு மேல் வேலை செய்யலாகாது என்று அது கூறியது. நல்ல விதிகளே. ஆனால் அவற்றுக்காக இங்கிலாந்தில் உரத்துக் குரல் கொடுத்தோருள் லங்காசயர் ஆலை முதலாளிமாரும் இருந்தனர். பம்பாயின் ஆலைகள் தமது சந்தையைப் பறிக்கத் தொடங்கியபின்னரே பம்பாய்ப் பிள்ளைகளின் துயரம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பம்பாய் முதலாளிமார் இதனைக் காட்டியே, சட்டம் அந்நியரின் சதி என்று எதிர்த்தனர்.

இவ்விரு முதலாளி வர்க்கங்களுக்கும் இடையில் தொழிலாளியின் நிலை என்ன? 1884இல் நாராயண் மேகாஜி லோகாண்டே பம்பாய்த் தொழிலாளரைத் திரட்டி, வாராந்த ஓய்வும் வேலைநேர வரம்பும் கோரி மனுச் சமர்ப்பித்தார். விதியைக் கொணர்ந்தவனின் உள்நோக்கத்தைப் பற்றி அவர் மயங்கவில்லை. அதனைக் காரணங்காட்டி விதியை நிராகரிக்கவுமில்லை. உழைப்பவரின் தேவைக்கேற்ப அவ்விதியை விரிக்குமாறு கேட்டார். இன்று ஐரோப்பாவிலிருந்து வரும் சுற்றாடல் விதிகளை நோக்கும்போது நமக்கு வழிகாட்டத்தக்கது இந்த மனப்பாங்கே.

மலையின் மின்சாரமும் கரையின் தறியும்

இலங்கைக்கு வருவோம். நமது மலைகளில் வீழும் நீரே நமது நிலக்கரி என்று முதலில் உணர்த்தியவர் டி. ஜே. விமலசுரேந்திரா. 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, நீர்மின்சாரத்தைக் கொண்டு நாட்டைக் கைத்தொழில் மயமாக்கலாம் என வாதிட்டது. குடியேற்ற ஆட்சி அத்திட்டத்தை இழுத்தடித்தது. லக்சபானாவின் முதற் கட்டம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட 32 ஆண்டுகள் நமது கைத்தொழில் வரலாற்றில் இழந்த ஆண்டுகள்.

இந்த இழப்பின் அளவை அறியப் பாக்கு நீரிணைக்கு அப்பால் நோக்கலாம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், கோயம்புத்தூர்ச் சமவெளியில் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மின்சாரம் வந்த இடத்தில் ஆலை வந்தது. ஆலை வந்த இடத்தில் தொழிற்சங்கமும் வந்தது. நம் கிழக்குக் கரையிலோ தறிக்குழியில் கால் மிதித்துக்கொண்டேயிருந்தது.

சுதந்திரத்தின் பின் கிழக்கில் இரு பெரும் முயற்சிகள் தோன்றின. கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை அணையோடு ஒரு சிறு நீர்மின் நிலையமும் எழுந்தது. 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் அரச கடதாசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. நெல் விளையும் மாவட்டத்தின் வைக்கோலைக் கடதாசியாக்கும் எண்ணம் சிறந்ததே. விவசாயி எரித்துவிடும் கழிவு அவனுக்குப் பணமாகத் திரும்பும். ஆனால் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. மரக்கூழ் ஆலைகள் தமது கருங்கழிவு நீரை வற்றச்செய்து எரித்து, அதிலிருந்தே நீராவியும் இரசாயனமும் மீட்டுக்கொள்கின்றன. வைக்கோற் கூழின் கழிவிலுள்ள சிலிக்கா கொதிகலனில் படிந்து அவ்வழியை அடைத்துவிடுகிறது. இத்தகைய ஆலைகளில் சக்தியும் இரசாயனமும் வீணாகி நீர்நிலையைச் சேர்வது உலகெங்கும் கண்ட பிரச்சினை. சக்தி விரயமும் சூழல் மாசும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. பின்னர் போர் வந்தது. ஆலை நலிந்து பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது.

திறந்த கதவு

1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் நெருக்கடியால் துணி இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதே காலத்தில், 1973 ஒக்டோபருக்கும் 1974 ஜனவரிக்கும் இடையில் உலக எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பட்டினியும் வரிசையும் நிறைந்த காலம் அது. எனினும் தறிகளுக்கு அது வேலை நிறைந்த காலம். பிறநாட்டுத் துணி வராதபோது உள்ளூர்ச் சாறனுக்கும் சேலைக்கும் சந்தை இருந்தது.

இடதுசாரிகளாகிய நாம் இக்காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இறக்குமதித் தடை ஒரு குடை; குடையின் கீழ் வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். பங்கீட்டு நூலைப் பகிர்வதில் செலவிட்ட கவனத்தில் ஒரு பகுதியேனும் தறியைத் திருத்துவதற்கும், சாயமிடும் முறையைச் செம்மைப்படுத்துவதற்கும், கூட்டுறவுகளுக்கு விசைத்தறியும் மலிவான மின்னிணைப்பும் தருவதற்கும் செலவாகியிருக்க வேண்டும். அது போதியளவு நிகழவில்லை. பாதுகாப்பைப் பெற்றோம், ஆயத்தத்தைப் பெறவில்லை.

1977இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் மாத வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு விசைத்தறிகளின் மலிவான துணி வந்து குவிந்தது. கைத்தறி நெசவு நாடெங்கும் சரிந்தது. கிழக்குக் கரையோரம் அந்தச் சரிவை மிக உணர்ந்தது. நெய்தவரில் பலர் வியாபாரத்தை நாடினர். அடுத்துவந்த ஆண்டுகளில் மத்திய கிழக்குக்கு வேலைதேடிப் புறப்பட்டவர்களும் பெருகினர். ஒரு விதி நீங்கும்போதும் ஆயத்தமற்றவனே வீழ்கிறான். புதிய விதி வரும்போதும் அவனே வீழ்கிறான்.

இதன்பின் இக்கரையை வரலாறு அமைதியாக விட்டுவைக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையை அறைந்தது. 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த ஈஸ்டர்த் தாக்குதலின் சூத்திரதாரி இவ்வூரவனாயிருந்தமையால், குற்றமற்ற ஓர் ஊர் முழுவதும் சந்தேகக் கண்ணுக்கு உள்ளாயிற்று. இத்தனைக்கும் நடுவில் எஞ்சிய சிறு உற்பத்தியாளர் தையற் கூடங்களையும் அரிசி ஆலைகளையும் வெதுப்பகங்களையும் மரவேலைப் பட்டறைகளையும் நடத்திவருவதை நாம் மறந்துவிடலாகாது. இனி வரும் விதிகள் இவர்கள் வாசலையே வந்தடைய இருக்கின்றன.

மின்மானியின் பாடம்

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1942இல் இயற்றப்பட்டது. அதன் அக்கறை தொழிலாளியின் பாதுகாப்பும் சுகாதாரமும். சக்தியைப் பற்றிய சட்டம் எண்ணெய் நெருக்கடியின் பிள்ளை. 1985இல் சக்தி பேணல் நிதியம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 2007இன் 35ஆம் இலக்கச் சட்டம் அதனிடத்தில் நிலைபெறுதகு வலு அதிகார சபையை அமைத்தது. பெருமளவு சக்தி நுகரும் நிறுவனங்கள் சக்தி முகாமையாளரை நியமிக்கவும், கணக்காய்வு செய்விக்கவும் ஒழுங்குவிதிகள் பின்னர் வந்தன. ஏற்றுமதிக்கு உடை தைக்கும் பெரும் கம்பனிகள் இதற்கு விரைவில் ஆயத்தமாயின. கூரையில் சூரிய மின்தகடு, நீராவிக் குழாய்க்குக் காப்புறை, தகுதிபெற்ற முகாமையாளர், வெளிநாட்டு வாங்குவோனுக்குக் காட்ட அழகிய அறிக்கை ஆகிய யாவும் அவற்றிடம் உண்டு. சிறிய பட்டறை ஒழுங்குவிதியின் வரம்புக்குக் கீழே இருந்தது. அதனை எவரும் தொந்தரவு செய்யவில்லை. எவரும் அதற்குக் கற்பிக்கவுமில்லை.

பிறகு 2022 வந்தது. அந்நியச் செலாவணி வற்றியது, எரிபொருள் வரவில்லை, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் நூற்றுக்கு 66 உயர்ந்தது. இவ்விரண்டையும் பெருக்கிப் பார்த்தால், 100 ரூபாக் கட்டணம் ஏழு மாதத்தில் ஏறத்தாழ 290 ரூபாவாயிற்று. பின்னர் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி நிகழ்ந்தன. ஆனால் அக்குறுகிய காலத்தில் மூடிய பட்டறை கட்டணம் இறங்கியதும் தானாகத் திறந்துவிடுவதில்லை.

அந்நாட்களில் சிறு உற்பத்தியாளன் தன் மின்பட்டியலை எடுத்துப் பார்த்தான். மொத்தத் தொகை அவனுக்கு விளங்கியது. அது பிறந்த வழி விளங்கவில்லை. பழுதுபட்டுப் பலமுறை கம்பி சுற்றிய மோட்டார் வேலைக்குத் தேவையானதைவிட மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கலாம். தேவைக்கு மிகப் பெரிய மோட்டாரைப் பூட்டி அரைச்சுமையில் ஓட்டினால் அதன் வலுக்காரணி தாழ்கிறது. 42 கிலோவோல்ற் அம்பியருக்கு மேற்பட்ட இணைப்புடைய கைத்தொழிலாளர், பயன்படுத்திய அலகுகளோடு மாதத்தின் உச்சக் கேள்விக்கும் பணம் செலுத்துகின்றனர். வலுக்காரணி தாழ்ந்தால் அந்த உச்சம் உயர்கிறது. ஒரு கொள்ளளவியைப் பொருத்தினால் இது திருந்தும். காலையில் எல்லா இயந்திரங்களையும் ஒருங்கே முடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கினாலும் ஓரளவு குறையும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள உச்ச நேரத்தில் அலகின் விலை மிகக் கூடுதல்; அந்நேர வேலையைப் பகலுக்கு நகர்த்தினால் மிச்சம் உண்டு. சாயத் தொட்டிக்கு மூடியிடுவதும், கொதிநீர்க் குழாய்க்குக் காப்பிடுவதும் விறகை மிச்சப்படுத்தும். அரிசி ஆலைக்காரனிடம் நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமியாகக் கிடக்கிறது. நெல்லவிக்கும் அடுப்பைத் திருத்தினால் அதே உமியில் கூடிய நெல் அவியும்.

இவற்றுள் எதுவும் மறைபொருளன்று. தொழினுட்பக் கல்லூரி மாணவன் ஒருவனுக்குத் தெரிந்த பாடமே. எனினும் அப்பாடம் கல்லூரிச் சுவருக்குள்ளும், பட்டறை தன் இருளிலும் இருக்கின்றன. கோர்ண்வாலில் லீன் மாதந்தோறும் செய்ததை நமது ஊரில் செய்ய ஒருவரும் இல்லை.

திருப்பூரின் எச்சரிக்கை

விதியைக் காணாததுபோல் இருந்துவிட்டால் என்ன நிகழும் என்பதைத் தமிழகத்தின் திருப்பூர் காட்டியது. அங்குள்ள சாயப் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 1992இல் பாசனத்திற்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்று 2006இல் உத்தரவாயிற்று. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 700 பட்டறைகளை மூடுமாறு பணித்தது. விவசாயிகளின் வழக்கு நியாயமானது, தீர்ப்பும் நியாயமானது. ஆனால் அடுத்த நாள் வேலையிழந்து நின்றவர் சாயத் தொட்டியருகே நின்ற தொழிலாளர். மேலும் ஒரு சிக்கல்: கழிவுநீரை முற்றாக மீட்பதற்கு அதனைச் சவ்வூடாக அழுத்தவும், எஞ்சியதை வற்றக் காய்ச்சவும் வேண்டும், அதற்கு மின்சாரமும் எரிபொருளும் பெருமளவில் வேண்டும். ஒரு விதிக்குப் பணிவதற்கே சக்திச் செலவு உண்டு. தனித்துத் தாங்கியவன் பெரியவன். சிறியவன் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்காளியாகி, அரசின் கடனுதவியும் கிடைத்த இடத்திலேயே மீண்டும் எழ முடிந்தது.

இன்று ஐரோப்பிய ஒன்றியம் எல்லைக் கரியமில வரியை விதித்துள்ளது. 2023 ஒக்டோபரில் கணக்குக் காட்டும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து பணம் செலுத்தும் கட்டத்திற்கு அது வந்துள்ளது. சீமெந்து, உருக்கு, அலுமினியம், உரம் முதலியவற்றோடு அது இப்போது நிற்கிறது. துணி அதில் இல்லை. ஆயினும் 2024இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு ஐரோப்பிய விதி, துணி உள்ளிட்ட பண்டங்கள் ஒவ்வொன்றும் தான் பிறந்த வரலாற்றைக் கூறும் ஒரு மின்னியற் கடவுச்சீட்டைச் சுமந்துவர வேண்டும் என்ற திசையில் செல்கிறது. காத்தான்குடிச் சாறன் ஐரோப்பாவுக்குப் போவதில்லையே என்று கேட்கலாம். விதிகள் நேர்வழியாக மட்டும் பயணம் செய்வதில்லை. பெரிய கம்பனி தன் கணக்கை முடிக்கத் தனக்குப் பொத்தானும் பெட்டியும் உறையும் தரும் சிறியவனிடம் கணக்குக் கேட்கும். கடன் கொடுக்கும் வங்கி கேட்கும். அன்று மின்பட்டியலைக் கிழித்தெறிந்தவன் பதில் சொல்ல முடியாமல் நிற்பான். லங்காசயரின் கருணையைப் போன்றே ஐரோப்பாவின் அக்கறையிலும் வணிக நலன் கலந்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக நிலக்கரி எரித்தவர்கள் இன்று நம்மிடம் கணக்குக் கேட்பதிலுள்ள முரண்பாட்டை நாம் உரத்துச் சொல்லவே வேண்டும். சொல்லிவிட்டு, லோகாண்டேயைப் போல் நமது கோரிக்கையையும் அதனோடு இணைக்க வேண்டும்.

நம்முன் உள்ள பணி

அந்தக் கோரிக்கை யாது? ஆயத்தத்தின் செலவு பொதுச் செலவாக வேண்டும். பாடசாலையும் மருத்துவமனையும் போலவே, சக்திக் கணக்காய்வும் சிறு உற்பத்தியாளனுக்கு இலவசமாகவோ கூட்டுறவு மூலமாகவோ கிடைக்க வேண்டும். ஒழுங்குவிதிகள் தெளிந்த தமிழில் அவன் கைக்கு வரவேண்டும். புதிய மோட்டாருக்கும் அடுப்புக்கும் வட்டி குறைந்த கடன் வேண்டும். மின்சாரத்தில் மிச்சமானதில் ஒரு பங்கு அங்கு வேலை செய்யும் தையற் பெண்ணின் கூலியில் தெரியவேண்டும். வெப்பமும் தூசும் குறைந்த வேலையிடமாகவும் தெரியவேண்டும். அல்லாவிடின் ஜெவன்ஸ் கண்ட வட்டத்திலேயே நாமும் சுழல்வோம்.

இவற்றை அரசு தானாகத் தரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குப் பொறியியற் பீடம் இருக்கிறது. காத்தான்குடியில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கின்றனர். ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதும் மாணவன் பக்கத்து வீதிப் பட்டறையின் மின்பட்டியலை ஒருமுறை வாசிக்கக் கற்றால், பன்னிரண்டு மாதப் பட்டியல்களை வரிசைப்படுத்தி, ஒரு சாறனுக்கு அல்லது ஒரு மூடை அரிசிக்கு எத்தனை அலகு செலவாயிற்று என்று கணக்கிட்டால், அக்கணக்குகளை உடைமையாளர் சம்மதத்தோடு ஊர்ப் பொது நூலகத்தில் வைத்தால், இக்கரைக்கும் ஒரு லீன் கிடைத்துவிடுவார். முஸ்லிம் ஊரின் கணக்கும் அயலிலுள்ள தமிழூரின் கணக்கும் ஒரே ஏட்டில் அருகருகே எழுதப்படுமாயின், போரும் பகைமையும் பிரித்த கைகள் மீண்டும் இணைவதற்கு அது ஒரு சிறு காரணமாகவும் அமையலாம்.

தறிக்குழியில் அமர்ந்தவனுக்கு அன்று தன் துணியின் நீளம் தெரிந்தது. அதன் விலையைப் பிறர் அளந்தனர். இன்றைய பட்டறையில் மின்மானி சுழல்கிறது. அதனை வாசிப்பவரும் பிறரே. 1977இல் கதவு திறந்தபோது இக்கரையோரத்தை எவரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. இம்முறை எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. காலமும் சிறிது இருக்கிறது. அளவுகோலை உழைப்பவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் பணி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது. அதனை இவ்வாண்டிலேயே, ஒரு பட்டறையின் ஒரு மின்பட்டியலிலிருந்து தொடங்குவோமாக.